திரை மங்கினால் முதலில் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமாக இருப்பவர்கள் பிறகு படியுங்கள். ஆனால் வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள் என்றால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய அகலத்திரை மானிட்டரில் எழுத்து மங்கித் தெரிந்தாலோ, முகங்கள் உப்பித் தெரிந்தாலோ, பல வீடுகளில் அது கண்ணின் குறையும் இல்லை, வயதின் குறையும் இல்லை, மானிட்டரின் குறையும் இல்லை. கம்ப்யூட்டர் அனுப்பும் படத்தின் அளவும் திரையின் சொந்த அளவும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டு எண்களைப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம். அந்த இரண்டு எண்களைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல், "அதையெல்லாம் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அது சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் மதினி ஒருவர். எழுபதை நெருங்குகிறார். ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பல வருடமாக அவர்தான் பார்க்கிறார். முதலில் நோட்டில் எழுதினார், பிறகு மகன் சொல்லிக் கொடுத்து எக்செல்லில் ஏற்றக் கற்றுக்கொண்டார். பழைய டப்பா மானிட்டர் போய்விட்டது என்று மகன் இருபத்தொன்றரை அங்குல அகலத்திரை ஒன்றை வாங்கி அனுப்பினான். உள்ளூர்த் தம்பி ஒருவர் வந்து மாட்டிக் கொடுத்தார். "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே தம்பி" என்று மதினி சொல்ல, அவரும் ஏதோ இரண்டு தட்டுத் தட்டி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுத்து பெரிதானது, ஆனால் தெளிவு போய்விட்டது. மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஆறும் அப்படித்தான். மதினி கண் டாக்டரிடம் போனார். பவர் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். இவர்தான் கேட்டு வாங்கிப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அப்படியும் மங்கல் போகவில்லை. நான் போனபோது சொன்னார்: "கொழுந்தனாரே, எட்டா மூணான்னே தெரியலை. வர்ற மாசம் கணக்கை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிரலாம்னு இருக்கேன். ஒரு ரூபா தப்பு வந்தாலும் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கும் வயசாயிருச்சுல்ல."

பாருங்கள், ஒரு மனுஷி பல வருடமாகச் சம்பாதித்த நல்ல பெயரோடு செய்துவந்த வேலையை விடுவதற்குத் தயாராகிவிட்டார். காரணம், திரையில் 1920 × 1080 இருக்க வேண்டிய இடத்தில் 1024 × 768 இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஏன் மங்கியது என்று புரிந்துகொண்டால்தான் அடுத்த முறை நீங்களே செய்வீர்கள். அதனால் பழைய வழக்கப்படி கொஞ்சம் பாடம்.

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் முதலில் புள்ளி வைப்போம், பிறகு இழையை இழுப்போம். இன்று இத்தனை புள்ளி, நாளை இத்தனை புள்ளி என்று நம் விருப்பம். பழைய டப்பா மானிட்டர் அப்படிப்பட்டது. அதன் பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான் கதிர் வந்து கண்ணாடியில் கோடு கோடாகப் படம் வரையும். 640 × 480 என்றாலும் வரையும், 800 × 600 என்றாலும் வரையும், 1024 × 768 என்றாலும் வரையும். எதில் வைத்தாலும் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும். அதனால் அந்தக் காலத்தில் எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பது நல்ல யோசனையாகவே இருந்தது.

இப்போது வரும் தட்டைத் திரை அப்படி இல்லை. சிமெண்ட் தரையில் அழியாத பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டதுபோல, தொழிற்சாலையிலேயே புள்ளிகள் பதிக்கப்பட்டுவிட்டன. ஃபுல் எச்.டி. மானிட்டர் என்றால் ஒரு வரிசையில் 1920 புள்ளி, அப்படி 1080 வரிசை. மொத்தம் 20,73,600 புள்ளிகள். இவற்றில் ஒன்றைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதைத்தான் நேட்டிவ் ரெசல்யூஷன் என்கிறார்கள். நாம் திரையின் சொந்த அளவு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் திரைக்கு 1024 × 768 அளவுள்ள படத்தை அனுப்பினால் என்ன ஆகும்? 1024 புள்ளியை 1920 புள்ளிமேல் பரப்ப வேண்டும். வகுத்துப் பாருங்கள், 1.875 வரும். நம் பழைய வாய்பாட்டுக் கணக்கில் ஒன்றே முக்காலே அரைக்கால். வந்த ஒவ்வொரு புள்ளியும் ஒன்றே முக்காலே அரைக்கால் இடத்தில் உட்கார வேண்டும். புள்ளியைத்தான் வெட்ட முடியாதே. அதனால் பக்கத்துப் புள்ளியோடு கலந்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தைப் பூசி மானிட்டர் சமாளிக்கிறது. எழுத்தின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிவது அந்தச் சாம்பல் பூச்சுதான். மூன்றின் திறந்த வாய் பூச்சில் மூடிக்கொண்டால் எட்டாகிவிடுகிறது.

இது அகலக் கணக்கு. இப்போது உயரத்தைப் பாருங்கள். 768 வரிசையை 1080 வரிசையாக்க வேண்டும். இது 1.40625 மடங்கு. அகலத்தில் ஒரு மடங்கு, உயரத்தில் வேறு மடங்கு. 1024-க்கும் 768-க்கும் உள்ள விகிதம் 4:3. 1920-க்கும் 1080-க்கும் உள்ள விகிதம் 16:9. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சரியாக 4/3 வரும். அதாவது மூன்று அங்குல வட்டம் திரையில் நான்கு அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமுமாக விழும். பந்து முட்டையாகும், வட்ட முகம் பூசணிக்காயாகும். வெளிநாட்டுப் பேத்தியை வீடியோ காலில் பார்த்துவிட்டு "பிள்ளை இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கா" என்று சந்தோஷப்படும் ஆச்சிமார்கள் ஒருமுறை திரையின் ரெசல்யூஷனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த 16:9 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய சினிமாவும், நாம் தூர்தர்ஷன் பார்த்த டப்பா டிவியும் 4:3. பிறகு சினிமாஸ்கோப் வந்தது, திரை இன்னும் அகலமானது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜ சோழன் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த அகலத்தின் விகிதம் சுமார் 2.35. டிவிக்குப் புது அளவு யோசித்தபோது 1.33-க்கும் 2.35-க்கும் நடுவே ஒன்றைத் தேடினார்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 1.77 வரும். 16-ஐ 9-ஆல் வகுத்தாலும் அதுதான். பழைய படமும் அகலப் படமும் ஓரளவு நட்டமில்லாமல் அடங்குகிற பெட்டி அது. டிவிக்காக வந்த அளவு பிறகு கம்ப்யூட்டர் மானிட்டருக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, 4:3 படத்தை 16:9 திரையில் ஒழுங்காகக் காட்ட வேண்டுமென்றால் இருபக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். நம் ஆட்களுக்கு அது பிடிக்காது. "காசு குடுத்துப் பெரிய திரை வாங்கிட்டுக் கறுப்புப் பட்டையைப் பாக்கவா?" என்று கேட்டுப் படத்தை இழுத்துவிடச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கறுப்புப் பட்டைதான் நியாயம். அது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

இனி உங்கள் வீட்டுத் திரை சரியாக இருக்கிறதா என்று சோதிப்போம். இதற்கு ஒரு ஸ்கேல் போதும். பெயிண்ட் என்ற புரோகிராமைத் திறந்து, வட்டம் வரையும் கருவியை எடுத்து, ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே மவுஸால் இழுங்கள். சரியான வட்டம் விழும். இப்போது ஸ்கேலைத் திரையில் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் விகிதம் சரி. அகலம் கூடுதல் என்றால் படம் இழுபட்டிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

கண்ணுக்கும் ஒரு சோதனை. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் படியுங்கள், போனைப் பாருங்கள். அவை தெளிவாக இருந்து மானிட்டர் மட்டும் மங்கலாக இருந்தால் திரையைச் சந்தேகியுங்கள். எல்லாமே மங்கலாக இருந்தால் தயங்காமல் கண் டாக்டரிடம் போங்கள். புரை விழுந்திருப்பதை ரெசல்யூஷன் என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, திரைதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. எந்த வரிசையில் பார்ப்பது?

முதலாவது, திரையின் சொந்த அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். இல்லையென்றால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் கூகுளில் தேடினால் வந்துவிடும். 1366 × 768, 1600 × 900, 1920 × 1080, 2560 × 1440, 3840 × 2160 என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். 16:10 விகிதத்தில் 1680 × 1050, 1920 × 1200 என்றும் உண்டு.

இரண்டாவது, விண்டோஸில் காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, டிஸ்பிளே செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, டிஸ்பிளே ரெசல்யூஷன் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பட்டியலைத் திறந்து சரியானதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதன் பக்கத்தில் ரெகமெண்டெட் என்று போட்டிருக்கும். பத்து வீட்டில் பாதிக்கு மேல் இதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, சரியான எண் பட்டியலிலேயே இல்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால், கிராஃபிக்ஸுக்கான உண்மையான டிரைவர் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் அல்லது கிராஃபிக்ஸ் கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து அதை இறக்கிப் போட வேண்டும். கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள், டிரைவரோடு வைரஸும் வரும். அகலத்திரைகள் வருவதற்கு முன்பு செய்த மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் டிரைவர் போட்டும் அந்த எண் வராமல் போகலாம். அதற்கு மானிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான்காவது, கேபிள். மானிட்டர் தன் சொந்த அளவைக் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. புது மாணவன் எழுந்து நின்று பெயர் சொல்வதுபோல. பழைய நீல நிற வி.ஜி.ஏ. கேபிளில் 15 ஊசிகள் உண்டு. அவற்றில் 12-ஆவதும் 15-ஆவதும் இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஊசிகள். ஒன்று வளைந்தாலோ உடைந்தாலோ படம் வரும், ஆனால் அறிமுகம் வராது. கம்ப்யூட்டரும் வந்திருப்பது யார் என்று தெரியாமல் 1024 × 768 போன்ற பொதுவான ஓர் அளவை அனுப்பிவிடும். அப்போது டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் பெயர் ஜெனரிக் நான் பி.என்.பி. மானிட்டர் என்று இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள். முடிந்தால் எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளே போர்ட் கேபிளுக்கே போய்விடுங்கள். வி.ஜி.ஏ. 1987-இல் வந்த முறை. அது மின் அலையாகப் படத்தை அனுப்புகிறது, இந்தக் கேபிள்கள் எண்களாக அனுப்புகின்றன. வி.ஜி.ஏ.தான் இருக்கிறது என்றால், மானிட்டரின் மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் என்று ஒன்று இருக்கும். அதை ஒருமுறை அழுத்துங்கள். நிழல் அடிப்பதும் ஓரம் நகர்ந்திருப்பதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐந்தாவது, லேப்டாப்போடு பெரிய மானிட்டரை இணைத்தவர்களுக்கு. இரண்டு திரையிலும் ஒரே படம் ஓடும்படி வைத்திருந்தால் இரண்டும் ஒரே அளவுக்குக் கட்டுப்படும். லேப்டாப் 1366 × 768 என்றால் பெரிய மானிட்டரும் பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்கி மங்கிவிடும். விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி, டூப்ளிகேட் என்பதை விட்டு எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி என்று மாற்றுங்கள். பிறகு பெரிய திரைக்கு அதன் சொந்த அளவைக் கொடுங்கள்.

ஆறாவது, எண்கள் எல்லாம் சரி, ஆனால் ஓரம் வெட்டுப்படுகிறது, அல்லது நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் தெரிகிறது என்றால் அது ரெசல்யூஷன் கோளாறு இல்லை. டிவியை மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓரம் வெட்டுப்படும். டிவி மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதாவது பெயரில் ஒரு வசதி இருக்கும், அதை வையுங்கள். கறுப்புச் சட்டம் என்றால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஸ்கேலிங் என்ற இடத்தைப் பாருங்கள். படம் மட்டும் அகலமாக இழுபட்டிருந்தால் மானிட்டரின் சொந்த மெனுவில் ஆஸ்பெக்ட் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சொந்த அளவை வைத்ததும் மதினி சொன்ன முதல் வார்த்தை, "எழுத்து மறுபடியும் பொடிசாயிருச்சே!" நியாயமான புகார்தான். பழைய பதினேழு அங்குல டப்பா மானிட்டரில் 1024 × 768 வைத்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 80 புள்ளி. இருபத்தொன்றரை அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 102 புள்ளி. அதே எண்ணிக்கைப் புள்ளியில் எழுதிய எழுத்து ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துத்தான் தெரியும். பெரிய திரை வாங்கியும் எழுத்து சின்னதாகிவிட்டதே என்று பெரியவர்கள் சொல்வது பிரமை இல்லை. கணக்கு அவர்கள் பக்கம்தான்.

ஆனால் அதற்கு மருந்து ரெசல்யூஷனைக் குறைப்பது இல்லை. அதே டிஸ்பிளே செட்டிங்ஸ் பக்கத்தில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. 100 சதவீதம் என்று இருப்பதை 125 அல்லது 150 ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், தெளிவும் குறையாது. காரணம், ஸ்கேலைக் கூட்டும்போது விண்டோஸ் அதே எழுத்தைக் கூடுதல் புள்ளிகளில் புதிதாக வரைகிறது. ரெசல்யூஷனைக் குறைக்கும்போது குறைந்த புள்ளியில் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்குகிறது. பெரிய ஸ்டென்சில் வைத்து எழுதுவதற்கும், ரப்பர் துணியில் எழுதிவிட்டுத் துணியை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். சில பழைய புரோகிராம்கள் மட்டும் ஸ்கேலுக்கு ஒத்துழைக்காமல் மங்கும். அது அந்தப் புரோகிராமோடு நிற்கும், திரை முழுவதையும் கெடுக்காது.

மதினிக்கு 1920 × 1080, ஸ்கேல் 150 என்று வைத்தோம். எக்செல்லைத் திறந்து மேலிருந்து கீழாக எண்களை வாய்விட்டு வாசித்தார். மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் இருந்தன. கணக்கு இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது.

மாட்டிக் கொடுத்த தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதைச் செய்து கொடுத்தார், அதுவும் டப்பா மானிட்டர் காலத்து முறைப்படி. என் வருத்தமெல்லாம் படித்த பிள்ளைகளாகிய உங்கள்மேல்தான். இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். ஊருக்கு வந்தால் அரை நிமிடத்தில் இதைச் சரிசெய்துவிடுவீர்கள். பெற்றவர்களின் கண்ணெதிரே ஏழெட்டுத் தட்டுத் தட்டி, "ம்… சரியாயிருச்சு" என்று எழுந்துவிடுவீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறை மங்கினால் மறுபடி உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அல்லது மதினிபோல, வயசாகிவிட்டது என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போகும் வாத்தியாரை நீங்கள் ஒத்துக்கொண்டிருப்பீர்களா?

இதற்கு உங்கள் பதில் எனக்குத் தெரியும். "சார், அப்பா கையில குடுத்தா எதையாவது அமுக்கி ஸ்கிரீனே வராமப் பண்ணிருவாரு." அந்தப் பயம் எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஓ.டி.பி. விஷயத்தில், வங்கி விஷயத்தில், தெரியாத லிங்க் விஷயத்தில் "தொடாதீங்க" என்று நூறு முறை சொல்லுங்கள். அங்கே போன பணம் திரும்பி வருவது கஷ்டம். ஆனால் ரெசல்யூஷன் அப்படி இல்லை. நீங்கள் ஓர் அளவை மாற்றியதும் விண்டோஸ், இதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் 15 விநாடியில் பழைய அளவுக்கே தானாகத் திரும்பிவிடும். திரை கறுப்பாகிவிட்டாலும் சரி, அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று வந்தாலும் சரி, கையைக் கட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்ணினால் போதும். விழுந்தாலும் அடிபடாத மணல் இது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் ஒரே "தொடாதீங்க" சொன்னால், எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்தறியும் பழக்கமே அவர்களுக்கு வராமல் போகிறது.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பறையில் புரொஜெக்டர் வைத்திருக்கிறீர்கள். பல புரொஜெக்டர்களின் சொந்த அளவு 1024 × 768, அல்லது 1280 × 800. உங்கள் லேப்டாப் அளவு வேறு. பொருத்தாமல் விட்டால் ஒன்று படம் அகலத்தில் இழுபடும், இல்லை உயரத்தில் இழுபடும். "வட்டத்தின் ஆரங்கள் எல்லாம் சமம்" என்று நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், சுவரில் நீள்வட்டம் நிற்கும். சதுரம் செவ்வகமாக நிற்கும், இந்திய வரைபடம் நசுங்கி நிற்கும். பிள்ளை எதை நம்பும்? பார்த்ததைத்தான் நம்பும். சாக்பீஸால் கோணல்மாணலாக வட்டம் போட்டாலும், வரைந்தவர் கை கோணிவிட்டது என்று பிள்ளைக்குத் தெரியும். மெஷின் காட்டினால் அதுதான் சரி என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பாடம் தொடங்குமுன் ஒரு வட்டம் போட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, சுவரில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் விகிதப் பாடமே நடத்திவிடலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதோட நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?" ஃபுல் எச்.டி. சப்போர்ட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது வேறு, நேட்டிவ் என்பது வேறு. சப்போர்ட் என்றால் அந்த அளவுப் படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருக்கும் புள்ளிகள் அதைவிடக் குறைவாக இருக்கலாம். மலிவு விலைப் புரொஜெக்டர்களில் இந்த விளையாட்டு நிறைய உண்டு. நேட்டிவ் எண்ணை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் என்ன என்ன துளைகள் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். சரியான கேபிளையும் அன்றைக்கே வாங்கிவிடலாம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவையோ அப்பாவையோ மவுஸைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவர்களே டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறக்கட்டும், அவர்களே தப்பான அளவை ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும், பதினைந்து வரை எண்ணட்டும், திரும்பி வருவதைப் பார்க்கட்டும். பிறகு சரியான அளவையும் ஸ்கேல் சதவீதத்தையும் அவர்கள் கையாலேயே ஒரு சீட்டில் தமிழில் எழுதி மானிட்டரின் பின்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும். நீங்களே செய்வதைவிட ஒன்பது நிமிடம் கூடுதல்தான். உங்களுக்கு அ எழுதப் பழக்கியவர்கள் எத்தனை ஒன்பது நிமிடங்களைச் செலவழித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்தவர்கள் என்ன எண் இருந்தது, என்ன எண்ணாக மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள். மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களும் மாடல் நம்பரோடு கேளுங்கள். எனக்குத் தெரிந்தால் நான் சொல்கிறேன், இல்லையென்றால் இங்கே இருக்கும் என் பிள்ளைகளில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.